நான்காம் ஆண்டு எதற்கு?

கற்பிட்டி முதல் சிலாபம் வரையுள்ள நம் கரையோர ஊர்களிலே, பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய பெற்றோரிடையே சில ஆண்டுகளாக ஒரு கேள்வி உலவி வருகின்றது. கணினி விஞ்ஞானம் பயிலும் மாணவர் மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்று வெளியேறலாம். நான்காம் ஆண்டும் தங்கிப் படித்துச் சிறப்புப் பட்டம் பெறவும் செய்யலாம். கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில் இவ்விரு வழிகளும் உள. வேறு பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான பீடங்களிலும் இதையொத்த ஏற்பாடு உண்டு. இவற்றுள் எதைத் தேர்வது என்பதே கேள்வி. கேள்வி என்று சொன்னேனேயன்றி, பெரும்பாலான வீடுகளில் விடை முன்னரே முடிவாகிவிடுகின்றது. உடப்பிலே கரைவலை இழுத்துப் பிழைக்கும் ஒரு தகப்பனார், தம் மகளின் படிப்பைப் பற்றிப் பேசுகையில் என்னிடம் கேட்டார்: "மூணு வருசத்துல பட்டம் கைக்கு வந்துடுதே, சேர். பொறகு அந்த நாலாவது வருசம் எதுக்கு?"

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஓராண்டு என்பது அவர் வீட்டில் பன்னிரண்டு மாதச் சம்பளம். இளைய பிள்ளையின் படிப்பு. அடகுக் கடையிலிருந்து மீளவேண்டிய நகை. ஆயினும் என் கருத்து இதற்கு மாறானது. இக்கல்வி நான்காம் ஆண்டிலேதான் முழுமை பெறுகின்றது என்பதும், தமிழில் படித்துச் செல்லும் நம் கரையோர மாணவர்க்கு அவ்வாண்டு பிறரைக் காட்டிலும் இன்றியமையாதது என்பதும் என் துணிபு. உயர்தர வகுப்புக்குக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில், இப்பிள்ளைகள் எங்கிருந்து புறப்படுகின்றனர் என்பதை அறிந்தே இதைக் கூறுகின்றேன்.

முதலில் மொழியைப் பார்ப்போம். நம் பிள்ளைகள் முதலாம் வகுப்பிலிருந்து க.பொ.த. உயர்தரம் வரை தமிழிலேயே படிக்கின்றனர். தூய கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் தமிழிலே கற்று, தமிழிலே பரீட்சை எழுதிச் சித்தியடைகின்றனர். பல்கலைக்கழகத்தின் வாயிலைத் தாண்டிய மறுநாளே விரிவுரை ஆங்கிலமாகிவிடுகின்றது. என்னிடம் படித்த ஒரு மாணவி, முதல் சில மாதங்கள் விரிவுரையாளர் சொன்ன ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதிக்கொண்டு, இரவில் விடுதியிலே அகராதியோடு அமர்ந்து பொருள் தேடியதாகக் கூறினாள். முதலாண்டு இவ்வாறு மொழியோடு போராடுவதிலேயே கழிகின்றது. இரண்டாம் ஆண்டில் செய்நிரலாக்கம், தரவுத்தளம், வலையமைப்பு ஆகிய கருவிப் பாடங்கள் கைக்கு வருகின்றன. மூன்றாம் ஆண்டின் நடுப்பகுதியிலேதான் நம் பிள்ளை அச்சமின்றி எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்கத் தொடங்குகின்றது. அந்த வேளையில் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருவது, வள்ளத்தை மணலில் தள்ளி, கரையோர அலையையும் கடத்தி, ஆழத்துக்குப் போனவுடன் வலை வீசாமலே திரும்புவதை ஒக்கும். வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்த கொழும்பு மாணவன் மூன்றாண்டோடு வெளியேறினால் அவனுக்கு ஓராண்டு நட்டம். நம் பிள்ளைக்கோ, மூன்றாண்டுகளாகப் பட்ட பாட்டின் பயன் முழுவதுமே நட்டம்.

இத்தனைக்கும் அந்த இடத்தை அடைவது எளிதன்று. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் தகைமை வரிசைப்படியும், 55 சதவீதம் மாவட்ட மக்கட்டொகைப்படியும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படுகின்றது. அக்கல்வி வசதி குறைந்த மாவட்டங்களின் பட்டியலில் புத்தளமும் உண்டு. இந்த ஏற்பாட்டின் துணையோடு விஞ்ஞான பீடத்தில் இடம் பெறும் தமிழ் மொழி மூல மாணவர் சிலரே. உடப்பின் மீனவர் பிள்ளைகளும், புத்தளத்து முஸ்லிம் பிள்ளைகளும், 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இங்கு வந்து குடியேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்களும் அச்சிலருள் அடங்குவர்.

இனி, அந்த நான்காம் ஆண்டிலே அப்படி என்னதான் இருக்கின்றது? நாட்டின் தகைமைச் சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 கிரெடிட். சிறப்புப் பட்டத்துக்கு 120. கணக்கில் முப்பதுதான் வேறுபாடு. உள்ளடக்கத்தில் வேறுபாடு அதனினும் பெரிது. முன் ஆண்டுகளில் மாணவன் கருவியைக் கையாளப் பழகுகின்றான். மேல் ஆண்டுகளிலோ அல்கொரிதங்களின் பகுப்பாய்வு, கணித்தற் கோட்பாடு, தொகுப்பிகளின் அமைப்பு, இயற்கை மொழிச் செயலாக்கம் முதலிய பாடங்களின் வாயிலாக, அக்கருவி எதைச் செய்யவல்லது, எதைச் செய்யமாட்டாது, ஏன் என்பவற்றை அறிகின்றான். அவற்றோடு ஓராண்டு முழுதும் ஒரு பிரச்சினையைத் தனித்து ஆராய்ந்து ஓர் ஆய்வேடு எழுதுகின்றான். இவையெல்லாம் வெறுங் கோட்பாடுகள், தொழிலுக்கு உதவா என்று கூறுவோர் உளர். கூறுவோருள் சிலர் கணினி விற்பவர்கள் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

கோட்பாடு எத்தகையது என்பதை ஆசிரியர்கள் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டினால் விளக்க விரும்புகின்றேன். ஆண்டின் தொடக்கந்தோறும் பாடசாலைகளிலே கால அட்டவணை தயாரிப்பது என்றொரு வேள்வி நடைபெறும். உப அதிபர் ஒருவர் பெரிய கடதாசியை மேசைமேல் விரித்து, பென்சிலும் அழிறப்பருமாய் அமர்ந்திருப்பார். ஒரு வகுப்புக்கு நாளொன்றுக்கு 8 பாடவேளை, வாரத்துக்கு 40. விஞ்ஞான ஆசிரியர் ஒருவரே ஆறு வகுப்புக்குச் செல்லவேண்டும். ஆங்கில ஆசிரியை புதன்கிழமைகளில் வேறு பாடசாலைக்குப் போகிறவர். ஆய்வுகூடமோ ஒன்றுதான். ஒரு கட்டத்தை மாற்றினால் ஏழு கட்டங்கள் சரியும். "கணினியிடம் கொடுத்தால் ஒரு நொடியில் செய்துவிடாதா?" என்று யாரேனும் ஓர் இளைய ஆசிரியர் கேட்பார்.

ஒரு வகுப்பின் நாற்பது பாடவேளைகளும் வெவ்வேறானவை எனக் கொண்டால், அவற்றை வரிசைப்படுத்தக்கூடிய வழிகளின் தொகை 48 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். ஒவ்வொன்றாகச் சோதிக்கப் புகுந்தால், ஒரு நொடியில் நூறு கோடி வழிகளைப் பார்க்கும் பொறிக்கும் இப்பிரபஞ்சத்தின் வயது போதாது. இது ஒரு வகுப்புக்கு மட்டுமே. இருபது வகுப்பை எண்ணிப் பாருங்கள். அப்படியாயின் குறுக்கு வழி ஏதும் இல்லையா? இங்கேதான் கோட்பாடு பேசத் தொடங்குகின்றது. 1971ஆம் ஆண்டிலே ஸ்டீவன் குக் என்பார், விடையைச் சரிபார்ப்பது எளிது, விடையைக் கண்டுபிடிப்பது அரிது எனத் தோன்றும் பிரச்சினைகளின் தன்மையை ஆராய்ந்து ஓர் அடிப்படைத் தேற்றத்தை வெளியிட்டார். மறு ஆண்டு ரிச்சர்ட் கார்ப், தோற்றத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற 21 பிரச்சினைகள் அடிப்படையில் ஒரே கடினமுடையவை எனக் காட்டினார். 1976இல் ஈவன், இட்டாய், ஷமீர் ஆகிய மூவரும் நம் உப அதிபரின் கால அட்டவணையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே என நிறுவினர். இவற்றுள் யாதேனுமொன்றுக்கு எப்பொழுதும் விரைவாய் முடியும் ஒரு வழி கிடைத்துவிட்டால் அனைத்துக்கும் கிடைத்துவிடும். அப்படி ஒரு வழி இருக்கவே முடியாது என்று நிறுவினாலும் போதும். இரண்டில் ஒன்றைச் செய்பவர்க்குப் பத்து இலட்சம் டொலர் பரிசென 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் அறிவித்தது. பரிசைப் பெற்றார் எவருமிலர்.

விடைத்தாளைத் திருத்துவதற்கும் விடையைக் கண்டறிவதற்கும் உள்ள தூரத்தை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். அந்தத் தூரம் உண்மையானதா, நம் அறியாமையால் தோன்றுவதா என்பதே இன்றைய கணினி விஞ்ஞானத்தின் தலையாய வினா. இதைக் கற்ற மாணவன், எல்லாப் பாடசாலைக்கும் எப்பொழுதும் மிகச் சிறந்த அட்டவணையை நொடியில் தருகின்ற செய்நிரலைத் தேடித் தன் வாழ்நாளை வீணாக்கமாட்டான். குறையுள்ளதாயினும் போதுமான அட்டவணையை, பத்து நிமிடத்தில் தரும் ஒன்றைச் செய்து முடிப்பான். கோட்பாடு அவனுக்குத் தந்தது தொழில் விவேகம். அதைக் கல்லாதவன் முதல் வழியிலே போய் மூன்று மாதத்தைத் தொலைத்துவிட்டு, கணினியின் வேகம் போதாது, புதிய கணினி வேண்டும் என்பான்.

இன்னொன்று. அலன் டூரிங் தமது இருபத்து நான்காம் வயதில், 1936இலே, ஒரு கட்டுரை எழுதினார். இன்றுள்ள கணினி ஒன்றேனும் அப்போது பிறக்கவில்லை. எந்தச் செய்நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி முடியுமா, முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்குமா என்று பிழையின்றிச் சொல்லவல்ல பொதுவழி எதுவும் இருக்கமுடியாது என்பது அக்கட்டுரையிலிருந்து பெறப்படும் முடிபு. பொறி பிறக்குமுன்பே அதன் எல்லை வரையப்பட்டுவிட்டது! எந்த மென்பொருளிலும் உள்ள எல்லாப் பிழைகளையும் தானே கண்டுபிடிக்கும் கருவி எம்மிடம் உண்டு என ஒரு நிறுவனத்தின் முகவர் அரசாங்கக் காரியாலயத்துக்கு வந்து விலை பேசினால், டூரிங்கைக் கற்றவன் அவரைத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவான். மற்றவன் கேள்விப் பத்திரம் கோருவான். சர்வரோக நிவாரணி விற்போரை நம் ஊர்ச் சந்தைகளில் கண்ட நமக்கு இந்த வேறுபாடு விளங்கும்.

இனி நம் மொழிக்கு வருகின்றேன். என் வாதத்தின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது.

கணினிக்குள் தமிழ் எவ்வாறு வாழ்கின்றது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? உலகப் பொதுவான யூனிக்கோட் குறிமுறையிலே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. அதன் அமைப்பு, இந்திய மொழிகளுக்கென 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி முறையைப் பின்பற்றியது. நாம் அரிச்சுவடியில் ஓரெழுத்து என்று கற்ற 'கி' அங்கே இரண்டு குறிகள்: ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. 'அம்மா' என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிக்கோட்டில் ஐந்து குறி. பெரிதும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் எழுதினால், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டாக, பதினைந்து பைட். அதே பொருளுடைய ஆங்கிலச் சொல் ஆறெழுத்து, ஆறே பைட். 2010ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டு அரசு, உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி தரும் வேறொரு முறையையும் நியமமாக ஏற்றது. ஆயினும் உலகம் யூனிக்கோட்டிலேயே நிலைபெற்றுவிட்டது. இவ்வேறுபாட்டின் நன்மை தீமைகளை எடைபோட்டுப் பேசவேண்டிய சபைகளிலே பேசுதற்குரியவர் யார்? குறிமுறை, தரவுக் கட்டமைப்பு, மொழியியல் மூன்றையும் ஒருங்கே கற்றவரே. அவை மூன்றும் சந்திக்கும் இடம் பட்டப் படிப்பின் மேல் ஆண்டுகள்.

அண்மைக்காலத்தில் மனிதரைப்போல் உரையாடும் செயற்கை அறிவுப் பொறிகள் வந்துள்ளன அல்லவா? அவை உரையைச் சிறு துண்டுகளாக நறுக்கியே படிக்கின்றன. நறுக்கும் முறையோ பெரும்பாலும் ஆங்கில உரைகளின் பெருக்கத்தைக் கொண்டு அமைந்தது. ஆதலால் ஒரே செய்தியைத் தமிழில் கேட்பவர்க்குத் துண்டுகள் மிகுதி; துண்டுக்குத்தான் கட்டணம் என்பதால் செலவும் மிகுதி. இது யாரோ செய்த வஞ்சனை என்று நான் சொல்லமாட்டேன். தமிழின் சொல்லமைப்பை அறிந்த ஒருவர் அந்த மேசையில் இல்லாததன் விளைவு.

நம் மொழியின் இலக்கணமும் இக்கல்வியும் உறவினர் என்பதைக் கண்டால் வியப்பு மேலிடும். பொன்னோடு குடம் சேரப் பொற்குடம். மரத்தோடு வேர் சேர மரவேர். நிலைமொழி ஈறு இது, வருமொழி முதல் இது, ஆகவே திரிபு இது எனத் தொல்காப்பியரும் பவணந்தியும் வகுத்த விதிகள், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குச் செல்லும் பொறியின் விதிகள் போலவே உள்ளன. கணித்தற் கோட்பாட்டு வகுப்பிலே கற்பிக்கப்படும் முடிவுறு நிலைப் பொறி என்பது இத்தகைய பொறியேயாகும். 'படிக்கிறவர்களுக்கும்' என்ற ஒரு சொல்லைக் கணினியிடம் கொடுத்தால், படி என்னும் வினையடி, நிகழ்கால இடைநிலை, பெயரெச்ச விகுதி, படர்க்கைப் பெயர், நான்காம் வேற்றுமையுருபு, உம்மை என அது பிரித்தறிய வேண்டும். பிரிக்கத் தெரியாத கணினிக்கு, தமிழில் தேடவும் வராது, மொழிபெயர்க்கவும் வராது, பிழை திருத்தவும் வராது.

இதை எவரேனும் செய்திருக்கின்றனரா என்றால், செய்திருக்கின்றனர். 'தமிழிமோர்ஃப்' என்னும் தமிழ் உருபனியற் பகுப்பான் முடிவுறு நிலைப் பொறிகளைக் கொண்டே அமைந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சர்வேஸ்வரன், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துக் கிஹான் டயஸ், ஜேர்மனியின் கொன்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்து மிரியம் பட் ஆகியோர் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 2021இல் வெளியிட்டனர். ஈழத்துத் தமிழர் ஒருவர், மொறட்டுவைப் பேராசிரியர் ஒருவர், ஐரோப்பிய மொழியியலாளர் ஒருவர் சேர்ந்து தமிழுக்குச் செய்த இப்பணி, நம் இலக்கிய வட்டங்களிலே ஒரு கவிதைத் தொகுதி பெறும் வரவேற்பில் பத்தில் ஒரு பங்கையேனும் பெற்றதாகத் தெரியவில்லை. நம் சஞ்சிகைகள் இதனைப் பற்றி எழுதியிருக்க வேண்டாமா?

இத்துறையின் முன்னோடி எங்கிருந்து வந்தார் என்பதும் நினைக்கத்தக்கது. 1983இலே கிம்மோ கொஸ்கென்னியெமி என்னும் ஆய்வு மாணவர், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் தம் தாய்மொழியாகிய பின்னிஷ் மொழியைப் பொறிக்குப் புரியவைக்கும் முயற்சியில் ஈடுபட்டு, இருநிலை உருபனியல் என்ற முறையை வகுத்தார். பின்னிஷும் தமிழைப் போலவே விகுதிமேல் விகுதி அடுக்கும் ஒட்டுநிலை மொழி. அதைப் பேசுவோர் தமிழரில் பத்தில் ஒரு பங்கினருமிலர். ஆயினும் அம்முறை பின்னர் உலகின் பல மொழிகளுக்குப் பயன்பட்டது. சிறிய மொழியொன்றின் மாணவன் தன் மொழியின் பிரச்சினையைத் தன் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டான். பெரிய மொழிகள் அவனிடம் கற்றுக்கொண்டன.

"இனிமேல் செய்நிரலை எழுதப் பொறியே வந்துவிட்டதே, மாணவன் எதற்கு?" என்னும் ஒரு வாதம் 2022ஆம் ஆண்டின் இறுதிக்குப்பின் எங்கும் கேட்கின்றது. பொறி எழுதுகின்றது, உண்மைதான். எழுதியது சரியா என்று யார் சொல்வது? முன்னரே சொன்ன டூரிங்கின் எல்லை இப்பொறிக்கும் உண்டு. எழுதுவது மலிவாகும்போது திருத்துவோருக்கே மதிப்பு உயரும். சாதாரண செய்நிரல் எழுதும் வேலைகளே முதலில் பொறியின் கைக்குப் போகக்கூடியவை. ஆதலின் மூன்றாண்டோடு நிறுத்தி விரைவாய் உத்தியோகம் தேடுவதே பாதுகாப்பான வழி என்னும் பெற்றோரின் கணக்கு, அவர்கள் காலத்துக்குச் சரி. பிள்ளையின் காலத்துக்குப் பிசகு.

நான்காம் ஆண்டை முடித்தவர்க்கே திறக்கும் கதவொன்றும் உண்டு. நம் பல்கலைக்கழகங்களிலே விரிவுரையாளராகச் சேர்வதற்கு வழக்கமான வாயில், குறைந்தது நான்காண்டுச் சிறப்புப் பட்டத்தில் முதலாம் வகுப்போ, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ பெறுவதாகும். மூன்றாண்டோடு நம் பிள்ளைகள் அனைவரும் வெளியேறினால், நாளை அந்த முதலாண்டு வகுப்பிலே தமிழ் எழுத்தில் ஆங்கில ஒலியை எழுதிக்கொண்டிருக்கும் கற்பிட்டிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, இடர்ப்பாட்டை உணர்ந்து, விரிவுரை முடிந்தபின் அருகழைத்துத் தமிழிலே விளக்கிச் சொல்ல ஆள் இராது.

விளக்கிச் சொல்லத் தமிழ் போதுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு பழைய செய்தி. மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்கரான சாமுவேல் கிறீன், 1864ஆம் ஆண்டு முதல் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல்களையும் தமிழிலே ஆக்கினார். பின்னர் 1950, 1960ஆம் ஆண்டுகளில் அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானக் கலைச்சொற்றொகுதிகளையும் நூல்களையும் தமிழில் வெளியிட்டமையாலேயே, இன்று உயர்தர வகுப்பில் நாம் கூச்சமின்றி 'தொகையீடு' என்றும் 'உந்தம்' என்றும் சொல்கின்றோம். அந்தப் பாதை உயர்தரத்தோடு நின்றுவிட்டது. பல்கலைக்கழக விரிவுரையைத் தமிழுக்கு மாற்றுங்கள் என நான் கேட்கவில்லை. ஆங்கிலத்தை விட்டால் உலகத்தின் ஆய்வேடுகள் நமக்கு எட்டா. அல்கொரிதப் பகுப்பாய்வுக்கும் கணித்தற் கோட்பாட்டுக்கும் நல்ல தமிழிலே துணைநூல் ஒவ்வொன்று வேண்டுமென்றே கேட்கின்றேன். ஆங்கிலத்தில் கேட்டதைத் தன் மொழியில் ஒருமுறை எண்ணிப் பார்ப்பவனுக்குப் பொருள் இருமடங்கு தெளிவாகும். அத்தகைய நூலை எழுதத்தக்கவர் அப்பாடங்களைக் கற்றுத் தெளிந்தவர். அவர் நான்காம் ஆண்டைத் தாண்டியவராகவே இருப்பார்.

இதை வேறெந்த ஊரிலும்விட இக்கரையிலே வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சிலாபத்துக்குத் தெற்கே நீர்கொழும்பு வரை நடந்து பாருங்கள். பாட்டனார் தமிழிலே செபம் சொன்ன வீடுகளில் பேரப்பிள்ளைகள் சிங்களமே பேசுகின்றனர். இருபதாம் நூற்றாண்டிலே பாடசாலையின் மொழி மாறியது. வீட்டின் மொழியும் பின்தொடர்ந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. சிங்களமும் சிறந்த மொழியே. ஆயினும் ஒரு மொழி உயர்ந்த காரியங்களிலிருந்து விலகிச் சந்தைக்கும் கடற்கரைக்கும் மட்டும் உரியதாகும்போது என்ன நிகழ்கின்றது என்பதை ஏட்டிலன்றிக் கண்ணாலே கண்டவர்கள் நாம்.

அறிவை ஒழுங்குபடுத்துவது இக்கரைக்குப் புதிதுமன்று. 1807இலே கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் குலங்களையும் அகரவரிசைப்படுத்தி 1834இல் ஓர் ஆங்கிலக் களஞ்சியத்தை வெளியிட்டார்; 1859இலே தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்தார். வரிசைப்பட்ட ஏட்டின் வலிமையை இன்றைய மாணவன் எண்ணால் அறிவான்: வரிசைப்படுத்திய பத்து இலட்சம் பெயர்களுள் ஒன்றைத் தேட, ஒவ்வொரு முறையும் பாதியைக் கழித்துக்கொண்டே போனால், இருபது படிகளே போதும். காசிச்செட்டியார் பிறந்த ஊரின் மாணவர்க்கு இதற்குமேல் படிக்க வேண்டாம் என்று நாமே சொல்லலாமா?

பணத்தைப் பற்றிப் பேசாமல் இவ்வளவையும் சொல்வது அந்த உடப்புத் தகப்பனார்க்கு இழைக்கும் அநீதியாகும். மகாபொல உதவி ஓரளவே தாங்கும். விடுதி, உணவு, மடிக்கணினி என்ற செலவுகளும், வரவேண்டிய சம்பளம் வராத இழப்பும் குடும்பத்தின் தோளிலேயே விழும். நம் ஊர்களிலே கொடைக்குக் குறைவில்லை. சாதாரண தரத்தில் ஒன்பது 'ஏ' எடுத்த பிள்ளைக்குப் பொன்னாடை, கேடயம், மேடையில் மூன்று பேருடைய வாழ்த்துரை. பல்கலைக்கழக அனுமதி கிடைத்த அன்று பாராட்டு விழா; பதாகையிலே படம். அதன்பின் அப்பிள்ளையை எவரும் விசாரிப்பதில்லை. மூன்றாம் ஆண்டில் தேர்வுப் படிவத்தை நிரப்பும்போது அது தனியாகவே அமர்ந்திருக்கின்றது. விழா எடுப்பவர்கள் விழாவை எடுக்கட்டும். அந்தப் படிவத்தின் வேளையிலே ஒருமுறை தொலைபேசியிலாவது அழைக்கட்டும்.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளும், கோயில் பரிபாலன சபைகளும், பங்குச் சபைகளும், பழைய மாணவர் சங்கங்களும், நுரைச்சோலையிலும் புத்தளம் நகரிலும் வணிகம் செய்யும் பெரியோர்களும் ஆண்டுக்கு ஒரு மாணவனையோ மாணவியையோ பொறுப்பேற்று, அந்தப் பன்னிரண்டு மாதத்துக்கு மட்டும் மாதாந்தம் ஒரு தொகை வீட்டுக்கு அனுப்புவதாயின், நான்காம் ஆண்டைத் தொடரும் துணிவு அக்குடும்பத்துக்கு உண்டாகும். தொகை மாணவனின் கைக்கன்றி வீட்டுக்குச் செல்லவேண்டும் என்கின்றேன். ஏனெனில் படிப்பை நிறுத்தும் முடிவு அங்கேதான் எடுக்கப்படுகின்றது. பெறுகின்றவர் அதற்கு ஈடாக, தம் ஆய்வேட்டின் சாரத்தை இருபது பக்கத் தமிழில் எழுதி ஊர் நூலகத்துக்குத் தரவேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். ஐந்தாண்டு நடந்தால் ஐந்து ஏடுகள் சேரும். ஆறாவதாக இங்கிருந்து போகும் பிள்ளை அகராதியோடு அவற்றையும் விடுதிக்கு எடுத்துச் செல்லும்.